நன்மைக்கு முந்தைய ஒரு மணி நேரம்

என் கையிலிருந்த உளுந்து வடையைப் பிடுங்கியதுதான் அந்த அக்கா எனக்குச் செய்த முதல் காரியம். காசு கொடுத்து வாங்கிய வடை. வாய்க்குப் பக்கத்தில் போய்விட்ட வடை. சிங்கப்பூரில் இரவு வேலை முடித்து, எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்களின் நடுவே நின்று வெந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஸ்கூடாயில் எங்கள் கோயிலுக்கு வந்திருந்தேன். பசி வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. என் மனைவியைக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வாள்.

"பூசைக்கா வந்தீங்க தம்பி?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நன்மை வாங்குவீங்கதானே?"

"வாங்குவேன்."

"அப்ப வடை கிடையாது." வடையைத் தாளில் சுற்றித் தட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார். "முடிஞ்சதும் வாங்க. இத விட சூடா வேற தரேன். கோவிச்சுக்காதீங்க லா."

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இது விளங்காது. பூசையில் குருவானவர் அர்ச்சித்துத் தரும் சின்ன அப்பத்தைக் கிறிஸ்துவின் உடல் என்றே நாங்கள் நம்புகிறோம். நற்கருணை என்பது அதன் ஏட்டுப் பெயர். எங்கள் வீடுகளில் நன்மை என்போம். அதை வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வயிற்றுக்குள் எதுவும் போகக்கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் மட்டும் தடையில்லை. முன்காலத்தில் நள்ளிரவிலிருந்தே பட்டினி கிடந்தார்களாம். இப்போது ஒரு மணி நேரம்தான். அதையும் பாதிப் பேர் மறந்துவிடுகிறோம். மறப்பவர்களைப் பிடிப்பதற்கென்றே கோயில் கார் பார்க்கின் ஓரத்தில் குடையை விரித்து, மேசை போட்டு, இட்லி, வடை, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்றுக்கொண்டிருந்தார் இந்த அக்கா.

வியாபாரம் செய்பவர் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வதை நான் அங்கேதான் பார்த்தேன். பூசைக்கு முன்னால் யார் வந்து நின்றாலும் முதலில் அக்கா கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த ஒரு மணி நேரம் பூசைக்கு முன்னால் அல்ல, நன்மைக்கு முன்னால் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அன்று பூசை வைப்பது யார் என்று விசாரிப்பார். பெரிய ஃபாதர் என்றால் பிரசங்கம் நீளும், ஆகவே பூசை தொடங்கச் சற்று முன்புவரை இட்லி கிடைக்கும். புதிதாக வந்த இளம் ஃபாதர் என்றால் கடை சீக்கிரமே மூடிவிடும். அவருடைய பிரசங்கம் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குச் சுத்தபோசனம், இறைச்சி கூடாது. அன்று நாங்கள் கோழி சம்பல் கேட்டால் அக்கா நெத்திலி சம்பலைக் கட்டிக் கொடுப்பார். மற்றவர்களுக்குக் கோழி உண்டு. "அவங்க சாமி அவங்கள வேற நாள்ல பட்டினி போடும். அத அவங்க வீட்ல பாத்துக்குவாங்க" என்பார்.

நான் கோபக்காரன். அந்த வடைக்காக இரண்டு வாரம் அக்காவிடம் பேசவில்லை. மூன்றாவது வாரம் நானே போய் நின்றேன். ஏனென்றால், பூசை முடிந்து வந்தபோது அவர் எடுத்துக் கொடுத்த சூடான வடையைப் போல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் தின்றதில்லை.

அக்காவை அதிகாரம் பண்ணுகிறவர் என்று சிலர் நினைத்தார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது. யாராவது ஒருவர் நன்மை வாங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டால் அவருக்குத் தாங்காது. கடைசி வரிசையில் கதவோரம் நின்றுகொண்டு, யார் எழுந்து போகிறார்கள், யார் போகவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பூசை முடிந்ததும் ஆளைப் பிடித்துவிடுவார்.

"ஏன் போகல?"

"வர்ற வழியில மைலோ குடிச்சிட்டேன் அக்கா."

"ஒரு மைலோவுக்காக ஆண்டவர வேணாம்னு சொல்லிட்டீங்களா? அடுத்த வாரம் பொட்டலமா பங்குஸ் பண்ணி எங்கிட்ட குடுங்க. ஐஸ் போட்டு வெச்சிருக்கேன்."

இன்னொருவர் இரத்த அழுத்த மாத்திரை போட்டதால் போகவில்லை என்றார். மாத்திரை கணக்கில் வராது என்று அவரை அங்கேயே திருப்பி, அடுத்த பூசைக்குள் தள்ளிவிட்டார். வாயில் புளிப்பு மிட்டாயோடு வந்த ஒரு வங்கிக்காரப் பெண்ணிடம் கையை நீட்டி, "துப்பு இதுல" என்றார். அந்தப் பெண்ணும் துப்பினாள். பெற்ற தாய் கேட்டால்கூட நான் துப்பியிருக்க மாட்டேன்.

அவரும் தப்புப் பண்ணியிருக்கிறார். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, எண்பதைத் தாண்டியவர், கோயில் வாசலில் கிரீம் கிரேக்கர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அக்கா போய் டப்பாவையே வாங்கி வைத்துவிட்டார். பூசையில் இரண்டாம் பைபிள் வாசகம் முடிவதற்குள் தாத்தா மயங்கிச் சாய்ந்துவிட்டார். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடு கிடையாது என்று பெரிய ஃபாதர் அன்றைக்குத்தான் அக்காவுக்குச் சொன்னார். "அலமாக்! நான் அவர கொன்னிருப்பேனே ஃபாதர்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு தாத்தாவின் முன்னால் இட்லித் தட்டோடு நின்று, "சாப்பிடுங்க! சாப்பிட்டாத்தான் உள்ள விடுவேன்!" என்று அவர் போட்ட சத்தம் நெடுஞ்சாலைவரை கேட்டிருக்கும். தாத்தா பயந்துபோய் மூன்று இட்லி சாப்பிட்டார்.

எங்கள் பாடற்குழுவுக்கு நான் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கீபோர்டு பீடத்துக்குப் பக்கவாட்டில் இருக்கும். உட்கார்ந்தால் கோயில் முழுவதும் தெரியும். நன்மைக்கான பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வரிசையில் வரும் முகங்களைப் பார்ப்பது என் பழக்கம். இப்படிப் பல மாதங்கள் பார்த்த பிறகுதான் உறைத்தது. எல்லாரையும் நன்மைக்கு அனுப்பிவைக்கும் அக்கா ஒருநாள்கூட வரிசையில் வந்ததில்லை.

பெரிய துப்பு துலக்கிவிட்டவன்போல அன்றே போய்க் கேட்டேன். "ஏன் அக்கா, நீங்க ஏன் போகல? என்ன தின்னீங்க?"

அக்கா சிரித்தார். "நான் ஒண்ணும் திங்கல தம்பி. காலையில எந்திரிச்சதுலேர்ந்து பச்சத் தண்ணிதான். எனக்கு நன்மை கிடையாது."

அவர் கணவர் இந்து. இருவரும் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். விரும்பினார்கள். இவர் கத்தோலிக்கர் என்பதால் கல்யாணம் கோயிலில் குருவானவர் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும். கேட்கப் போனபோது, அந்தக் காலத்துக் கோயில் பெரியவர் ஒருவர் மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, ஞானஸ்நானம் வாங்கிப் பெயரை மாற்றிக்கொண்டு வந்தால் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். இந்த அக்காவும் அவர் பின்னாலேயே நடந்தார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி ஏறியது. சபையின் கணக்கில் அது திருமணம் ஆகவில்லை. அது ஆகும்வரை அக்காவுக்கு நன்மையும் இல்லை.

"மக மொத மொதல்ல புதுநன்மை வாங்குனா தம்பி. வெள்ள கவுன் போட்டு, பூ வெச்சு, எல்லாம் நாந்தான் பண்ணேன். எல்லாப் பிள்ளைங்களும் அம்மா அப்பாவோட வரிசையில போச்சுங்க. அவ மட்டும் தனியா போனா. திரும்பித் திரும்பி என்னையவே பாத்துக்கிட்டுப் போனா." இதைச் சொல்லும்போது அக்கா வடை மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்ப எதுக்கு அக்கா நீங்க பட்டினி கெடக்குறீங்க?"

"கூப்புடுற அன்னிக்கு வெறும் வயித்தோட இருக்கணும்ல?"

இருபத்தைந்து வருடத்துக்கு மேல், ஒவ்வொரு ஞாயிறும், வராத அழைப்புக்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தவர் அவர். நான் ஒரு வடைக்காக இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

அண்ணனை எனக்கு ஏற்கெனவே தெரியும், அவர்தான் அக்காவின் கணவர் என்பது தெரியாமலே. முறுக்கு மீசை, லோரி ஓட்டுகிறவர்களுக்கே உரிய பெரிய தோள். ஞாயிறுதோறும் மேசையையும் அடுப்பையும் இறக்கி வைத்துவிட்டு, சாலைக்கு எதிர்ப்புறம் அங்சானா மரத்தடியில் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருப்பார். பூசை முடியும்வரை அங்கேதான். கோயில் கேட்டைத் தாண்டி ஓர் அடி வைத்ததில்லை. கோபமாக இருப்பவர்போலவும் தெரியாது. நாங்கள் உள்ளே பாடும் பாட்டுக்கு வெளியே பெட்ரோல் டாங்கின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். என்னிடமே ஒருமுறை, "தம்பி, ரெண்டாவது பாட்டு இன்னிக்கு இழுவையா இருந்துச்சே" என்றார். உண்மைதான், இழுவையாகத்தான் இருந்தது.

விரத விஷயத்தில் புருஷனும் பெண்டாட்டியும் அடிக்கும் கேலியைக் கேட்கவென்றே நான் மேசையருகில் நிற்பேன்.

"உங்க சாமி ஒரு மணி நேரந்தான் கேக்குது. அதுக்கு இந்தப் பாடு. எங்க முருகன் நாற்பத்தெட்டு நாள் கேக்குறாரு, தெரியுமா?"

"நாற்பத்தெட்டு நாளும் குளிச்சிட்டு சமைக்கிறது யாரு? முருகனா?"

அவர் விரதமிருக்கும் நாட்களில் அக்கா வீட்டில் மீன் வாடையே இருக்காது. எங்களுக்குச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, ஒரே ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. அந்த இரண்டு நாளும் அண்ணன் வீட்டில் தட்டைத் தொட மாட்டார். மாமாக் என்னும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, சாப்பிட்ட வாசனை தெரியாமல் வீட்டுக்குள் வருவார். இதை இருவருமே எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது என்றே இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "அண்ணன்கிட்ட நீங்க ஒரு தடவ கேட்டுப் பாக்கக் கூடாதா அக்கா? உங்களுக்காக..."

அக்கா என்னை முறைத்தார். "எனக்கு நன்மை வேணுங்கிறதுக்கு அவரு சாமிய விடச் சொல்றதா? அப்படி வாங்குனா அது தொண்டையில எறங்குமா?"

எனக்குக் கோபம் போகவில்லை. யார்மேல் கோபம் என்றும் தெரியவில்லை. அந்த வாரம் இளம் ஃபாதரிடம் போய்க் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மதம் மாறணும்னு யாரு சொன்னது? பிஷப்கிட்ட அனுமதி வாங்கணும். அவ்வளவுதான். அவங்க வீட்டுக்காரரு தன்னோட நம்பிக்கையிலேயே இருக்கலாம். இத்தன வருஷமா இத யாருமே அவருகிட்ட சொல்லலயா?"

யாருமே சொல்லவில்லை. அக்காவுக்கே தெரியாது. மாத்திரை கணக்கில் வராது என்று தெரிந்துவைத்திருந்தவர், தன் விஷயத்தில் மட்டும் அந்தப் பெரியவர் அன்று சொன்னதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அப்புறம் ஒருவரிடமும் வாயைத் திறந்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் அங்கியைக்கூடக் கழற்றவில்லை. அக்காவின் மேசையில் இரண்டு தட்டு இட்லி வாங்கினார். சாலையைக் கடந்து, மரத்தடியில் போய், ஒரு தட்டை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் கால்வாய் ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார். கூடவே நானும் போனேன். இப்படி ஒரு காட்சியை விடுவேனா?

"அண்ணே, உங்க கல்யாணத்த கோயில்ல ஆசீர்வதிக்கலாம்னு இருக்கேன்."

அண்ணன் இட்லியைப் பார்த்தார். "தண்ணி ஊத்துவீங்களா?"

"மாட்டேன்."

"பேர மாத்தணுமா?"

"வேணாம்."

"காவடி எடுப்பேன். அத விடமாட்டேன்."

"அத விடச் சொல்லி நான் கேக்கல. இவதான் என் மனைவின்னு என் முன்னால ஒரு தடவ சொல்லுங்க. அது போதும்."

அண்ணன் சாலைக்கு அப்பால் மேசையருகில் நின்ற அக்காவைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சாமி. அவ எவ்வளவு நாளு வெறும் வயித்தோட கெடந்திருக்கா."

"மன்னிச்சுக்குங்க அண்ணே," என்றார் ஃபாதர். அவர் செய்த தப்பு இல்லை அது. அந்தப் பெரியவர் வாசலில் நிறுத்திய காலத்தில் இந்த ஃபாதர் பால்வாடியில் இருந்திருப்பார். ஆனாலும் மன்னிப்புக் கேட்டார். அண்ணன் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "ஒரு நாள் வரேன்" என்றார். "ஒரே ஒரு நாளு. அவளுக்காக."

அனுமதி வந்தது. ஒரு சனிக்கிழமை மாலைப் பூசைக்கு முன்னால் திருமணச் சடங்கு, பிறகு பூசை, பிறகு பின்னால் மண்டபத்தில் விருந்து என்று முடிவானது. விருந்துக்கு வெளியே சமையல் சொல்லலாம் என்றோம். அக்கா கேட்கவில்லை. தன் கல்யாணத்துக்குத் தானே ஆட்டுக்கறி சமைத்த மணப்பெண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை. காலையிலிருந்து அண்டாவோடு நின்றார், தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல். மதியம் போய், குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். வந்து மறுபடியும் கரண்டியைப் பிடித்தார்.

சடங்கு சுருக்கமாக முடிந்தது. தோட்டத்துக் கோயிலில் ஏறிய தாலியை அக்கா கழற்ற மாட்டேன் என்றார். அவர் கழுத்தில் இருக்கும்போதே ஃபாதர் அதை ஆசீர்வதித்தார். அண்ணன், பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு, "இவதான் என் மனைவி, எப்பவும்" என்று லோரி ஹாரன் மாதிரி ஒரு குரலில் சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பூசை தொடங்கச் சிறிது நேரம் இருந்தது. ஃபாதரிடம் பாட்டு வரிசையைச் சரிபார்க்க நான் உடை மாற்றும் அறைக்குப் போனேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். மாம்பழ நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. முகத்தில் மட்டும் இரத்தமே இல்லை.

"ஃபாதர், நான் தின்னுட்டேன்."

"என்ன தின்னீங்க?"

"கறி எப்படி இருக்குன்னு எட்டிப் பாக்கப் போனேன். உப்பு பாருங்க அக்கான்னாங்க. கை தானா நீண்டிருச்சு. நக்கிட்டேன். முழுங்கியும் முழுங்கிட்டேன்."

அந்த அறையில் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோயிலையே கடிகாரம் வைத்துக் காவல் காத்தவர். ஊர் வாயிலிருந்து வடையையும் மிட்டாயையும் பிடுங்கியவர். தன்னுடைய நாளன்று, மணப்பெண் கோலத்தில், ஒரு சொட்டுக் குழம்பில் விழுந்துவிட்டார்.

"ஒரு சொட்டுதானே அக்கா. பரவாயில்ல," என்றார் ஃபாதர்.

"சொட்டா இருந்தாலும் சோறா இருந்தாலும் ஒண்ணுதான் ஃபாதர். நான் எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன்."

ஃபாதர் யோசித்தார். அப்புறம், பாவம், சொல்லக்கூடாததைச் சொன்னார். "முதியவங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்ல அக்கா. உங்களுக்கும்..."

"கல்யாணப் பொண்ணப் பாத்து வயசாச்சுன்னா சொல்றீங்க?"

நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஃபாதர் காது சிவந்து, "சரி, நாளைக்குக் காலையில வாங்கிக்கலாமே" என்றார்.

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "அவரு இன்னிக்கு ஒரு நாளுதான் உள்ள வரேன்னு சொல்லியிருக்காரு. நான் வாங்குறத அவரு பாக்கணும் ஃபாதர். நாளைக்கு அவரு மரத்தடியில இருப்பாரு."

ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய சனிக்கிழமைப் பூசையில் நாற்பது நிமிடத்தில் நன்மை வந்துவிடும். இன்னும் இருபது நிமிடம் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வருகைப் பாட்டுக்கு எத்தன சரணம் இருக்கு?"

"ஆறு ஃபாதர். நாம ரெண்டுதான் பாடுவோம்."

"இன்னிக்கு ஆறும் பாடுங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ."

என் வாழ்க்கையில் நான் வாசித்த மிக மெதுவான பாட்டு அதுதான். ஃபாதர் பீடத்துக்கு நடந்த நடையில் தேரே முந்திப் போயிருக்கும். அதற்குள் சமையலறைப் பெண்கள் ஓடிவந்து பெஞ்சு பெஞ்சாகக் காதைக் கடித்துவிட்டார்கள். அக்கா உப்புப் பார்த்த சேதி கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் எங்கள் கோயிலில் நடந்ததைச் சதி என்றுதான் சொல்ல வேண்டும். அக்காவிடம் கடன்படாத வயிறு அங்கே ஒன்றுகூட இல்லை.

ஃபாதர் புனித நீர் தெளிக்கக் கிளம்பினார். ஒரு பெஞ்சு விடாமல், ஒரு தூண் விடாமல் தெளித்தார். முதல் வரிசையில் அண்ணன் முகத்திலும் பட்டது. "ஊத்த மாட்டேன்னாரே!" என்று அவர் அக்காவிடம் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. வாசகம் வாசித்தவர் முற்றுப்புள்ளிக்கெல்லாம் மூச்சு வாங்கினார். பிரசங்கத்தில் ஃபாதர் பைபிளில் வரும் கானாவூர்த் திருமணத்தில் தொடங்கி, சரக்குத் தீர்ந்து, தன் அம்மா செய்யும் மீன் குழம்புக்கு வந்து, அங்கிருந்து திரும்பி வர வழி தெரியாமல் தவித்தார். யாரும் கொட்டாவி விடவில்லை. மன்றாட்டு நேரத்தில் வழக்கமாக ஆளைத் தள்ளிவிட்டால்தான் எழுந்து வேண்டுவார்கள். அன்று வரிசை கட்டி நின்றார்கள். மழைக்காக ஒருவர், பாலத்து நெரிசல் குறைய ஒருவர், இட்லி சாப்பிட்ட அந்தத் தாத்தா உலகத்திலுள்ள இரயில் ஓட்டுநர்கள் அனைவருக்காகவும் ஊர் ஊராகப் பேர் சொல்லி வேண்டினார். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் கோயிலில் இருந்த ஒவ்வொருவரும் வந்து அண்ணனுக்குக் கை கொடுத்தார்கள். கோயில் வாசலில் ஒரு காலத்தில் நிறுத்தப்பட்ட மனிதர் கை வலிக்க வலிக்கக் கை குலுக்கிக்கொண்டே நின்றார்.

அக்கா எதையும் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடித்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா மெல்லத் தலையசைத்தார். நேரம் ஆகிவிட்டது.

எழுந்து நடந்தார். வேறு ஒருவரும் எழவில்லை. அவர் முதலில் போகட்டும் என்று கோயிலே காத்திருந்தது.

"கிறிஸ்துவின் திருவுடல்," என்றார் ஃபாதர்.

"ஆமென்!"

அக்கா நாவில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். நான் பாட்டைத் தொடங்கியிருக்க வேண்டும். விரல் வரவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது அண்ணன் எழுந்தார். எழுந்தது அவருக்கே தெரிந்திருக்காது. கண்ணீர் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டன. மனம் நிறைந்துபோனால் அவர் வாய்க்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

"அரோகரா!"

கோயில் அதிர்ந்தது. மறுகணமே அண்ணனுக்கு எங்கே நிற்கிறோம் என்பது உறைத்துவிட்டது. கை கீழே இறங்கியது. முகம் கறுத்து, வாசல் பக்கம் பார்த்தார். இப்போது போய்விடுவார் என்றே நினைத்தேன்.

ஃபாதர் நற்கருணைக் கிண்ணத்தோடு அப்படியே அவர் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஆமென்," என்றார்.

"ஆமென்!" என்றது கோயில் முழுக்க.

வாயில் நன்மையோடு சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், தலையை நிமிர்த்திக்கொண்டு அக்கா கணவரிடம் திரும்பி நடந்தார். அண்ணன் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர் உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நான் பாட்டைத் தொடங்கினேன். எந்தச் சுருதியில் தொடங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பேரும் பாடினார்கள்.